வேனும் ஒரு கிடைதான்

நம்ம இயக்கத்துல இப்போ எதுக்கும் குறைவில்லை. பயிற்சி வகுப்பு இருக்கு, விதைத் திருவிழா இருக்கு, வாட்ஸ்அப் குழு இருக்கு, யூடியூப் இருக்கு. வேளாண்மைத் துறைகூட அட்மா திட்டத்தில் ‘கண்டுணர்வு சுற்றுலா’ என்று பஸ் வைத்துக் கூட்டிப் போகிறது. இத்தனை இருந்தும், இயற்கை வழிக்குப் புதிதாக வந்தவர்களில் எனக்குத் தெரிந்தே பலர் இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் சத்தமில்லாமல் யூரியா மூட்டைக்குத் திரும்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

தகவல் பத்தாமல் அவர்கள் திரும்பவில்லை. பஞ்சகவ்யத்துக்கு எத்தனை லிட்டர் கோமியம், மீன் அமிலத்துக்கு எவ்வளவு வெல்லம் என்பது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அவர்களுக்குக் கிடைக்காமல் போனது வேறு. தன்னைப் போல இன்னொரு உழவர் தடுமாறுவதையும், தடுமாறியும் விடாமல் நிற்பதையும் அவர் வீட்டு வாசலில் இருந்து பார்க்கிற வாய்ப்பு. மேடையில் ஜெயித்த கதை மட்டுமே கேட்டவருக்கு, தான் மட்டும்தான் தோற்கிறோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த வெட்கம்தான் ஆளைத் திருப்பி அனுப்புகிறது.

அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். கேட்பதற்குக் கொஞ்சம் விநோதமாக இருக்கலாம். நாலைந்து உழவர்கள் சேர்ந்து ஒரு பழைய வேனை எடுத்துக்கொண்டு, அதிலேயே படுத்து, அதன் ஓரத்திலேயே சமைத்து, மூன்று வாரம், நான்கு வாரம் என்று பண்ணை பண்ணையாகப் போய் வரவேண்டும். இது ஊர் சுற்றுவதற்காக அல்ல. உழவு, விதைப்பு, களை மாதிரி இதையும் பண்ணையத்தில் ஒரு வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பகலில் பார்த்தால் போதாதா?

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். வேளாண் கடன் பிரிவில் பல வருஷம் இருந்தேன். கடன் கொடுக்கும் முன்னால் வயலைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எல்லா வங்கியிலும் உள்ள நடைமுறை. காலை பதினோரு மணிக்கு ஜீப் போகும். கிணறு, மோட்டார், மாடு, பயிர் எல்லாம் கண்ணில் படும். இளநீர் வெட்டித் தருவார்கள். அரை மணி நேரத்தில் பார்வை முடிந்துவிடும். ஆனால் அந்தக் குடும்பம் தாக்குப்பிடிக்குமா என்பதைத் தீர்மானிக்கிற சங்கதிகள் பதினோரு மணிக்குத் தெரியாது. விடியக்காலை நாலரைக்கு எழுந்து பால் கறப்பது யார், மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வருகிறது, களையெடுக்கக் கூப்பிட்ட ஆள் வந்தார்களா, ராத்திரி ரெண்டு மணிக்குக் காட்டுப்பன்றி விரட்ட டார்ச்சோடு போவது யார்... இதெல்லாம் அங்கே படுத்து எழுந்தால்தான் தெரியும்.

கண்டுணர்வு சுற்றுலாவும் பதினோரு மணி ஜீப் மாதிரிதான். அதைக் குறை சொல்லவில்லை. ஐம்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்கினால் எந்த உழவரும் நல்ல பாத்தியைத்தான் காட்டுவார். நாமும் அதைத்தானே செய்வோம்?

போன வருஷம் சித்திரைக் கடைசியில் நாங்கள் ஐந்து பேர், அதில் இரண்டு தம்பதிகள், ஒரு பழைய டெம்போ டிராவலரில் வடக்கே கிளம்பினோம். ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் ஒரு மானாவாரி உழவர் தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்குவதாகத்தான் ஏற்பாடு. கிளட்ச் பிளேட் தேய்ந்துபோய் வண்டி நகரவில்லை. சாமான் வாங்கி மாற்றுவதற்குள் மூன்று ராத்திரி ஆகிவிட்டது. முதல் நாள் அவர் காட்டியது உலர் விதைப்பு. பருவமழைக்கு முன்னாலேயே பலதானிய விதைகளைக் களிமண்ணும் சாம்பலும் பூசி உருட்டி, காய்ந்த மண்ணில் விதைத்து மூடாக்குப் போட்டுவிடுகிறார்கள். கிடைக்கிற கோடைத் தூறலிலேயே அது முளைத்து நிலத்தை மூடிக்கொள்கிறது. ஆந்திர அரசின் இயற்கை வேளாண்மைத் திட்டத்தில் இதை ஊர் ஊராகப் பரப்பியிருக்கிறார்கள். அருமையான முறை, நம்ம மானாவாரிக் காடுகளுக்கும் செய்து பார்க்க வேண்டியது. ஆனால் இது வீடியோவிலேயே கிடைக்கும்.

இரண்டாம் நாள் ராத்திரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னதுதான் வீடியோவில் கிடைக்காது. மொத்தம் ஆறு ஏக்கரில் இரண்டு ஏக்கர் மட்டும் இன்னும் உரம் போட்டு வேர்க்கடலை வைக்கிறாராம். நகைக்கடன் வட்டி அதில்தான் கட்டுகிறாராம். வருஷத்துக்கு அரை ஏக்கர் அரை ஏக்கராக அதையும் மாற்றிக்கொண்டு வருகிறார். “முதல்நாளே சொன்னா நீங்க என்னை இயற்கை விவசாயின்னு நினைக்க மாட்டீங்களே” என்றார். அவரோடு நான் எதையும் வாதிடவில்லை. கடனும் கட்டி, நிலத்தையும் படிப்படியாக மாற்றுகிற அந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நேர்மையானதாகப் பட்டது. நம்ம ஊரில் திரும்பிப்போன நண்பர்களுக்கு இந்த ஒரு பேச்சு சரியான நேரத்தில் காதில் விழுந்திருந்தால், ‘முழுசா இல்லேன்னா ஒண்ணுமே இல்லை’ என்று விட்டிருக்க மாட்டார்கள்.

இது ஒண்ணும் புதுசு இல்லை

வேனில் படுத்து ஊர் ஊராகப் போவதென்றால் வெள்ளைக்காரன் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1960, 70களில் ஐரோப்பாவில் இருந்து இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் வழியாக டெல்லி, காத்மாண்டு வரை பழைய வேன்களில் இளைஞர்கள் வந்தது உண்மை. 1979இல் ஈரான் புரட்சியும், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததும் அந்தப் பாதையை அடைத்துவிட்டன. அவர்கள் தேடியது வேறு. நமக்கு நம்ம முன்னோடிகளே இருக்கிறார்கள்.

முதல் முன்னோடி கீதாரி. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் இருந்து ஆட்டு மந்தையோடு கிளம்பி, அறுப்பு முடிந்த தஞ்சாவூர் வயல்களில் கிடை போடுகிறார்கள். குடும்பமும் சட்டி பானையும் கூடவே போகும். ராத்திரி அந்த வயலிலேயே தங்கல். வயல்காரர் கூலி கொடுக்கிறார், வயலுக்கு ஆட்டுப் புழுக்கையும் கோமியமும் கிடைக்கிறது. கீதாரி தங்கிப்போன வயல், அவர் வருவதற்கு முன்னால் இருந்ததைவிட வளமாக இருக்கும். ஒரு விருந்தாளிக்கு இதைவிட வேறு என்ன இலக்கணம் வேண்டும்?

அய்யா நம்மாழ்வார் கடவூரில் வானகத்தை அமைத்த பிறகும் ஓரிடத்தில் உட்காரவில்லை. ஊர் ஊராக நடந்துதான் பேசினார். அகமதாபாத்தில் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்புக்காரர்கள் 1998 முதல் ‘சோத யாத்திரை’ என்று வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறார்கள். கோடையில் வெயில் அதிகமான பகுதிக்கும், குளிர்காலத்தில் குளிர் அதிகமான பகுதிக்கும் போவது அவர்கள் வழக்கம். கஷ்டகாலத்தில் ஜனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் படிப்பு. தெலங்கானாவில் ஜகீராபாத் அருகே பஸ்தாபூரில் இருக்கிற தக்காண வளர்ச்சிக் கழகத்துப் பெண்கள் சங்கராந்தியில் தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் மாட்டு வண்டிகளில் பழைய தானிய விதைகளை அலங்கரித்து வைத்து ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள்.

நடக்கிற தெம்பு எனக்கு இல்லை. மாட்டு வண்டியில் மூவாயிரம் கிலோமீட்டர் போகவும் முடியாது. அதனால்தான் வேன்.

எங்கே போவது?

எங்கள் பாதையையே சொல்கிறேன். ஈரோட்டில் இருந்து பெங்களூரு தாண்டி ஹைதராபாத் சாலையில் போனால் சென்னேகொத்தபல்லி வரும். அங்கேதான் திம்பக்டு. 1990இல் 32 ஏக்கர் பொட்டல் நிலத்தில் தொடங்கியது. மரம் நட்டுக்கொண்டே போவதைவிட, வெட்டும் மேய்ச்சலும் தீயும் இல்லாமல் காத்து, இருக்கிற வேரே துளிர்க்கட்டும் என்று விட்டார்கள். இன்றைக்கு அதைச் சுற்றி உழவர்களின் சொந்தக் கூட்டுறவும் சிறுதானிய வியாபாரமும் நடக்கிறது.

அடுத்தது பஸ்தாபூர். தலித் பெண்களின் சங்கங்கள், பாசனம் இல்லாத நிலத்தில் ஒரே காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களைக் கலந்து விதைக்கிறார்கள். 2008 முதல் சொந்தமாக வானொலி நடத்துகிறார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு பெற்றார்கள். மொழி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். சாமைக்கு அங்கே சாமலு, தினைக்குக் கொர்ரலு, சோளத்துக்கு ஜொன்னலு. விதையைக் கையில் எடுத்தால் மீதிப் பேச்சு தானாக வரும்.

பிறகு சோலாப்பூர், புனே வழியாகக் குஜராத் எல்லையில் உம்பர்காவ் பக்கம் தேஹ்ரி கிராமம். பாஸ்கர் சாவே 2015இல் காலமாகும் வரை வாழ்ந்த கல்பவிருட்சம் பண்ணை அங்கே இருக்கிறது. தென்னையும் சப்போட்டாவும் கலந்து, மேடையும் வாய்க்காலுமாக அமைத்த 14 ஏக்கர். மரத்தடியில் தண்ணீர் விடாமல், தள்ளியிருக்கிற வாய்க்காலில் விட்டு வேரைத் தேடிப் போகவைக்கிற அந்த அமைப்பு, கிணறு வற்றுகிற நம்ம தென்னந்தோப்புக்காரர்கள் நேரில் பார்க்க வேண்டிய ஒன்று. எந்த இடத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வரச்சொன்ன நாளில் போகவேண்டும். திடீரென்று போய் நிற்பது அவர்கள் வேலையைக் கெடுப்பது.

விதைகளைப் பார்க்க வேண்டுமென்றால் தை, மாசி. உலர் விதைப்பைப் பார்க்கச் சித்திரை, வைகாசி. தக்காணத்தில் நிற்கிற பயிரைப் பார்க்க ஆவணி, புரட்டாசி. உங்கள் பண்ணையத்தில் எந்த மாதம் கை ஓய்கிறதோ அதற்குத் தக்கபடி திசையை முடிவு செய்யுங்கள்.

கணக்கு

பழக்க தோஷம், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. போக வரச் சுமார் 3,000 கிலோமீட்டர். பழைய வேன் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் 300 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 27,600 ரூபாய். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5,520. சுங்கச்சாவடி, டயர், ரிப்பேர் தனி. லாட்ஜ் வாடகை இல்லை. அரிசி பருப்பு நம்ம வீட்டுடையது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். 300 லிட்டருக்கு 800 கிலோ. இயற்கை விவசாயி என்று சொல்லிக்கொண்டு இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. அதனால் ஒரே ஒரு இடம் மட்டும் போவதென்றால் ரயிலில் போங்கள். வேனை எடுத்தால் ஐந்து பேருக்குக் குறையாமல் போங்கள், போகிற வழியில் குறைந்தது எட்டுப் பத்துப் பண்ணையில் தங்குங்கள். வருஷாவருஷம் போகாதீர்கள், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

புது வண்டி எதற்கும் வேண்டாம். பளபளவென்று கேரவன் வந்து நின்றால் உழவர் எழுந்து நிற்பார். பழைய வேன் வந்து நின்றால் நம்மை உட்காரச் சொல்வார். எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைக்கக்கூடிய வண்டியாக இருப்பது இன்னொரு சௌகரியம். ஆனால் பழைய வண்டி என்றால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன்பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடக்கூடாது. வண்டிக்குள் கட்டில், அடுப்பு என்று நிரந்தரமாகப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வரும் மாற்றம், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. பாய், பலகை, கொசுவலை போதும்.

ஒரு எச்சரிக்கை. மூடிய வண்டிக்குள் அடுப்பு, கரி, ஜெனரேட்டர், ஏ.சி.க்காக ஓடும் இன்ஜின் எதுவும் கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் கார்பன் மோனாக்சைடு வாயுவால் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சமையல் வெளியே, ஜன்னல் திறந்தே. பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதும் வேண்டாம்.

“மாடு யார் கறப்பது?”

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வி. ஆடு மாடு பண்டம் பாடி வைத்திருக்கிறவன் கல்யாணத்துக்குப் போனாலும் சாயங்காலம் திரும்ப வேண்டியிருக்கிறது. இதற்குப் பணம் தீர்வு இல்லை, ஆள்தான் தீர்வு. ஒரு ஒன்றியத்தில் பத்து இயற்கை உழவர்கள் இருந்தால் ஐந்து பேர் போகும்போது மற்ற ஐந்து பேர் அவர்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த தடவை முறை மாற வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மாட்டை ஒரு மாதம் கறந்து பார்த்தாலே பாதிப் படிப்பு வந்துவிடும். இப்படி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள முடியாத பத்துப் பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துவதைப் பற்றிப் பேசுவதில் என்ன அர்த்தம்?

இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெண்கள் வருகிறார்களா? கண்டுணர்வு பஸ்களில் பெரும்பாலும் ஆம்பளைங்கதான். வீட்டில் விதை எடுத்து, சாம்பல் கலந்து, வேப்பிலை போட்டு வைப்பது யார்? எங்கள் பயணத்தில் விதை சேமிப்பு பற்றி உருப்படியாகத் தெரிந்துகொண்டது அந்த இரண்டு பெண்கள்தான். எங்களைத் திண்ணையோடு நிறுத்தின வீடுகளில் அவர்களை அடுக்களை வரை கூட்டிப் போனார்கள். வேனில் கழிப்பறை கிடையாது. ஆகவே தங்கும் பண்ணையில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பாதை போட வேண்டும். இதை ஒரு சின்ன விஷயமாக நினைத்தால் பெண்கள் வரமாட்டார்கள்.

எதைக் கொண்டு வருவது?

பார்த்ததையெல்லாம் வண்டியில் ஏற்றாதீர்கள். தென்னைக்கு வந்த சுருள் வெள்ளை ஈயை நம்ம பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டது 2016இல். இன்றைக்கு அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தெரிந்தது, சேலம், நாமக்கல் என்று வந்து இறங்கியது. இதெல்லாம் நாற்றிலும் குச்சியிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறவை. ஆகவே நாற்று, கிழங்கு, குச்சி, மண் எதுவும் வேண்டாம். காய்ந்த, சுத்தமான விதை ஒரு கைப்பிடி போதும். அதையும் ஒரு பாத்தியில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பெருக்கலாம். அங்கே நன்றாக வருவது இங்கே வரும் என்று எந்த விதையும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

வாங்கிய விதைக்குக் கடன் உண்டு. நெல் ஜெயராமன் இரண்டு கிலோ விதை நெல் கொடுத்து, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திரும்பக் கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்கள் அந்த ஒரு விதியில்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. தங்கிய ராத்திரிக்கும் அதே விதிதான். எங்கள் வேனில் ஒரு மொய் நோட்டு வைத்திருந்தோம். எந்தப் பண்ணையில் எத்தனை ராத்திரி, என்ன சாப்பிட்டோம், என்ன விதை, நாங்கள் என்ன வேலை செய்து கொடுத்தோம், என்ன பாக்கி என்று எழுதினோம். மொய் எழுதியவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருப்போமா? அவர்கள் யாராவது நம்ம பக்கம் வரும்போது கட்டிலும் சோறும் தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே இயக்கத்தின் மாவட்டக் குழுக்களுக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, வெளியூர் உழவர் வண்டியை நிறுத்தி இரண்டு ராத்திரி தங்க இடம், தண்ணீர், கழிப்பறை கொடுக்கச் சம்மதிக்கிற பண்ணைகளின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஐந்து கிடைத்தால் போதும். இரண்டு, ஊருக்கு ஊர் தோட்டம் பார்த்துக்கொள்ளும் முறைமாற்றை ஏற்பாடு செய்யுங்கள். மூன்று, போய் வந்தவர்கள் கூட்டத்தில் பேசும்போது ஜெயித்ததை மட்டும் கேட்காதீர்கள். எங்கே எது தோற்றது, தோற்றும் அந்தக் குடும்பம் எப்படி நின்றது என்று கேளுங்கள்.

வேன் கிடைப்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் யார் வீட்டுப் பின்னாலோ ஒரு பழைய வேன் புளியமரத்தடியில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதற்கு எஃப்.சி. இருக்கிறதா, டயர் தாங்குமா என்று இந்த மாதமே பாருங்கள். நம்ம தோட்டத்தில் இப்போதே ஒரு கயிற்றுக் கட்டிலைக் கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறோம். பவானிசாகர் வாய்க்கால் ஓரம், நிழல் இருக்கிறது. வருகிறவர்கள் ஒரு ராத்திரிக்கு மேல் தங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.